நாஸ்திகர் வாக்கை நம்பலாமா?

"பொய் சொன்னால் ஸ்வாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லாத தாய்மார் நம் நாட்டில் அரியர். சீடைச் சம்புடத்துக்குக் காவலாக ஈசுவரனையே நிறுத்திவிடும் இந்த ஏற்பாடு மிகப் பழையது. பிள்ளைகள் வளர்ந்த பின்னும் அதே எண்ணம் வேறு உருவில் எஞ்சி நிற்கிறது. தெய்வ பயம் இல்லாதவனுக்கு எந்தக் கட்டும் இல்லை, அவன் வாக்கை நம்பிக் காசு கொடுக்கலாகாது என்கிறோம். இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. சமயப் பொறையை வற்புறுத்தி 1689-இல் வெளியான நூலில் ஆங்கிலத் தத்துவ ஞானி ஜான் லாக், நாஸ்திகருக்கு அப்பொறையை மறுத்தார். வாக்குறுதியும் ஒப்பந்தமும் பிரமாணமும் அவர்களைக் கட்டுப்படுத்தா என்பது அவர் கூறிய காரணம்.

இக்கட்சியைச் சோதித்துப் பார்க்கச் சார்லஸ் பிராட்லாவின் சரித்திரத்தைக் காட்டிலும் தக்கதொன்றை நாம் அறியோம். 1833-இல் லண்டனில் ஒரு வக்கீல் குமாஸ்தாவின் மகனாகப் பிறந்தவர். சுவிசேஷங்களுக்கும் தம் சபையின் கோட்பாடுகளுக்கும் இடையே முரண்பாடுகள் தென்படவே, விளக்கம் கேட்டுப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். விளக்கம் வரவில்லை, நாஸ்திகன் என்ற பட்டம் வந்தது. அந்த இளம் வயதிலேயே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. (கேள்வி கேட்ட மாணவனை அதட்டி உட்கார வைப்பது உபாத்தியாயர்களாகிய நமக்கும் பழக்கமில்லாத காரியமன்று!)

1880-இல் நார்தாம்ப்டன் வாக்காளர்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினர். அங்கே ஸ்தானம் பெறுமுன் கடவுள் பெயரால் பிரமாணம் செய்யவேண்டும். வாய் திறவாமல் எல்லோரையும்போல் பிரமாணம் செய்திருந்தால் அவரை எவரும் தடுத்திரார். அவரோ, பிரமாணத்திற்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். மறுத்தார்கள். அப்படியாயின் பிரமாணமே செய்கிறேன், அதன் சமயச் சொற்கள் எனக்குப் பொருளற்றவை, ஆயினும் கொடுத்த வாக்கு என்னைக் கட்டுப்படுத்தும் என்றார். அதையும் மறுத்தார்கள். ஓரிரவு பார்லிமெண்டு மணிக்கூண்டில் சிறையிருந்தார். 1881 ஆகஸ்டில் போலீஸார் அவரைப் பலவந்தமாக இழுத்து வெளியே தள்ளினர். நார்தாம்ப்டன் மக்களோ மீண்டும் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தனர். 1886-இல்தான் புதிய சபாநாயகர் ஆர்தர் பீல், ஆட்சேபத்திற்கு இடங்கொடாமல் அவரைப் பிரமாணம் செய்ய விட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னதற்காக ஆறு வருஷம் அல்லற்பட்ட மனிதரைத்தான், வாக்கில் நம்பத்தகாதவர் என்று ஆஸ்திகர்கள் வாயிலில் நிறுத்தினார்கள்!

இதைக்கொண்டு ஆஸ்திகரெல்லாம் கபடர், நாஸ்திகரெல்லாம் அரிச்சந்திரர் என்று தீர்ப்பளிப்பவர் அவசரக்காரர். உறுதிமொழி மசோதாவைக் கொண்டுவந்தது கிளாட்ஸ்டன் மந்திரிசபை. பிரதம மந்திரி கிளாட்ஸ்டனோ பழுத்த பக்திமான். 1883 ஏப்ரலில் மசோதாவை ஆதரித்து அவர் பெருஞ் சொற்பொழிவு நிகழ்த்தினார். ஆயினும் மூன்றே வாக்குகளில் அது தோற்றது. அந்த நியாய உணர்ச்சி அவருடைய பக்தியினின்று பிறந்ததா, பக்தியை மீறி வந்ததா என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? நமக்குத் தோன்றுவது இவ்வளவே. தெய்வத்தைப் போலீஸ்காரராகக் கொண்டவன், போலீஸ்காரர் கண்ணயரும் நேரத்தை எதிர்பார்த்திருப்பான். அகப்பட்டாலும் உண்டியலில் அபராதம் செலுத்திவிடலாம் என்ற தைரியம் வேறு அவனுக்கு உண்டு. தெய்வத்தைச் சத்திய வடிவாகக் கொண்டவனும், தெய்வமின்றிச் சத்தியத்தைப் பற்றியவனும் கடனைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒரே விதமாக நடந்துகொள்வார்கள்.

1888-இல் பிராட்லாவே முயன்று நிறைவேற்றிய சட்டத்தால், பிரமாணத்துக்குப் பதில் உறுதிமொழி கூறும் உரிமை கிடைத்தது. நம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் கடவுள் பெயரால் ஆணையிடுதல், உளமார உறுதி கூறுதல் ஆகிய இரு வழிகளும் உண்டு.

இந்தியாவின் குறைகளைப் பார்லிமெண்டில் இடைவிடாது எடுத்துரைத்த பிராட்லா, 1889-இல் பம்பாய்க் காங்கிரஸுக்கும் வந்திருந்தார். 1891 ஜனவரி 27-ஆம் தேதி, அவரை விலக்கிய 1880-ஆம் வருஷத் தீர்மானத்தைச் சபை தன் குறிப்பேட்டினின்று நீக்கியது. நினைவிழந்து கிடந்த அவருக்கு அச்செய்தி எட்டவில்லை. ஜனவரி 30-இல் காலமானார். அடக்கத்துக்குச் சென்றவர்களுள் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மோகன்தாஸ் காந்தியும் ஒருவர். இறுதி மரியாதை செலுத்தச் சில பாதிரிமாரும் வந்திருந்ததாக அவர் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார்.