அயல்நாட்டு மாணாக்கரும் அரசுக் கொடையும்

மணிமங்கலம் என்றவுடன், பல்லவ நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களமே நம் நினைவிற்கு வரும். ஆயினும் அவ்வூரைத் தன்னகத்தே கொண்ட தொண்டைநாடு புலமைக்கும் பெயர்பெற்றதாகும். காஞ்சிக் கடிகையிற் கற்கும்பொருட்டு மயூரசர்மன் கதம்பர் நாட்டினின்று வந்தான் எனத் தாளகுண்டாக் கல்வெட்டுக் கூறுகின்றது. காஞ்சியிற் பிறந்த தருமபாலர் நாளந்தாவிற் சிறந்த ஆசிரியராய் விளங்கினார் என்பது யுவான் சுவாங் தரும் செய்தி. ஆகவே, கல்வியின்பொருட்டு நாடு கடந்து செல்லுதல் நமக்குப் புதிதன்று.

கற்பார்க்கு உணவளித்தோர் யாவர்? முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு ஒருவகை விடை தருகின்றது. அங்கு 340 மாணாக்கர் பயின்றனர். இளையோர் 270 பேருக்கு நாள்தோறும் ஆறு நாழி நெல்லும், மேற்கல்வி பயின்ற 70 பேருக்குக் குறுணி இருநாழி நெல்லும் வகுக்கப்பெற்றன. இச்செலவிற்கு 45 வேலி நிலம் முதலாக விடப்பெற்றது. கல்வியின் நிலைக்கேற்ப உதவி உயர்ந்தமையும், அவ்வுதவி நிலத்தின் விளைவில் நிலைபெற்றமையும் ஈண்டு நோக்கத்தக்கன. ஆயின், ஆங்குக் கற்பிக்கப்பெற்றவை வேதமும் இலக்கணமும் மீமாஞ்சையும் வேதாந்தமுமே. அவ்விலக்கணமும் வடமொழி இலக்கணமே. பாடங்களுள் தமிழ் இடம்பெற்றிலது.

இன்று, 1950-இல் தோன்றிய இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம் அயல்நாட்டு மாணாக்கர்க்கு உதவித்தொகை வழங்குகின்றது. தமிழாய்விற்கென 1970-இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் சென்னையில் நிறுவப்பெற்றது. நிறுவனம் இருத்தல் மட்டும் போதாது. தமிழ் ஆய வரும் அயலார் ஆய்வு முடியுங்காறும் கவலையின்றித் தங்குதற்கு, அவ்வேலி நிலம் போன்ற நிலைத்த முதலும் வேண்டும் என்பதே நம் கருத்தாகும்.