மூலிகை மனத்தைத் தேற்றுமா?

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவஸ்டனுக்கு ஏறும் பாதையோரம் மிளகும் கராம்பும் சாதிக்காயும் செழித்து வளர்கின்றன. மாத்தளை வட்டாரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில் உல்லாசப் பயணிகளுக்கு மூலிகை எண்ணெய் தேய்த்துவிடுவது நெடுநாள் வழக்கம். இலங்கையின் ஆயுர்வேத விடுதிகள் பல இதற்கு மேலும் ஒரு படி போய், மன அழுத்தம் நீங்கும், துயரம் ஆறும் என்று சொல்லி வாரக்கணக்கில் தங்க அழைக்கின்றன. மனத்தைத் தொடும் வல்லமை மூலிகைக்கு உண்டா?

உண்டு. சர்ப்பகந்தியின் வேர் அதற்குச் சாட்சி. சிங்கள வைத்தியர்கள் ஏகவேரிய என்பது இதைத்தான். சித்தம் கலங்கியவருக்கும் தூக்கம் கெட்டவருக்கும் இந்த வேரைக் கொடுப்பது நம் பக்கத்துப் பழைய வைத்தியம். 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், இது மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உதவுகிறது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் வேரிலிருந்து ரிசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1954இல் நியூயார்க்கில் மனநல மருத்துவர் நேதன் கிளைன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனைப் பதிவு செய்தார்.

டோபமைன், செரடோனின் போன்ற நரம்புச் செய்திப் பொருள்களை நரம்பு முனைகள் நுண்பைகளில் சேமித்து வைக்கின்றன. அவை பைக்குள் போவதை ரிசர்ப்பின் தடுக்கிறது. கையிருப்பு கரைகிறது, கொந்தளிப்பு அடங்குகிறது. அளவு மிஞ்சினால் உடலும் முடங்கும். ரிசர்ப்பினால் அசைவற்றுப்போன முயல்களுக்கு 1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் டோபமைனின் மூலப்பொருளான டோபாவைக் கொடுத்தார். அவை மறுபடி நடமாடின. பார்க்கின்சன் நோய்க்கான மருந்துக்கு அங்கே வழி பிறந்தது. 2000இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதேவேளை, இரத்த அழுத்தத்துக்கு ரிசர்ப்பின் உண்ட சிலர் மனச்சோர்வில் விழுந்ததாகவும் மருத்துவர்கள் எழுதினார்கள். அதற்கு மருந்துதான் காரணமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இரத்தோட்டைக்காரர் கையில் புழங்கும் சாதிக்காயும் இலேசுப்பட்டதல்ல. தூக்கத்துக்காக அதைச் சிறிது உரசிப் பாலில் கலந்து குடிப்பது கைவைத்தியம். அதிலுள்ள மிரிஸ்டிசின் மூளையைத் தொடும் பொருள். 19ஆம் நூற்றாண்டின் செக் உடலியலாளர் புர்கின்யே மூன்று கொட்டைகளைத் தின்று, மயக்கத்தையும் மனப்பிரமையையும் தானே அனுபவித்து எழுதிவைத்தார். ஏறக்குறைய ஒரு முழுக்கொட்டை, அதாவது 5 கிராம் அளவிலேயே, நாவறட்சியும் படபடப்பும் குழப்பமும் வரலாம். அவை சில மணி நேரம் கழித்தே தலைகாட்டும்.

வல்லாரை இதைவிடச் சாது. 2000இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள 40 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 கிராம் வல்லாரையும் மற்றவர்களுக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது வல்லாரை உண்டவர்களிடம் குறைந்தது. ஆனால் தங்கள் மனநிலை மாறியதாக அவர்கள் சொல்லவில்லை. அமுக்கரா மன அழுத்தத்தையும் தூக்கமின்மையையும் ஓரளவு குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. அரிதாக ஈரலைப் பாதிப்பதாகவும் பதிவுகள் உண்டு. டென்மார்க் 2023இல் அதைத் தடைசெய்தது.

அப்படியானால் விடுதியில் தங்கி வந்தவருக்கு வரும் தெளிவு பொய்யா? பொய்யல்ல. மலைக்காற்று, நேரத்துக்குத் தூக்கம், சாராயமில்லாத சாப்பாடு, எண்ணெய்த் தேய்ப்பு, பேசக் கேட்கும் ஒரு வைத்தியர், குணமாகும் என்ற நம்பிக்கை ஆகிய எல்லாம் சேர்ந்தே வேலை செய்கின்றன. இவற்றில் கஷாயத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய, இதே ஓய்வை மூலிகையின்றிப் பெற்றவர்களோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாமல் விடுதிகள் தரும் உறுதிமொழி விளம்பரமே.

இந்தத் தேடல் இலங்கையோடு நிற்கவில்லை. தென் அமெரிக்காவில் அயவாஸ்கா என்ற மூலிகைக் கஷாயம் குடிக்கும் முகாம்களுக்கு உலகெங்குமிருந்து ஆட்கள் போகிறார்கள். மனச்சோர்வு மாத்திரை சிலவற்றோடு அது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. சில காளான்களிலுள்ள சிலோசைபினை ஆஸ்திரேலியா 2023 ஜூலையில் அனுமதித்தது. அதுவும் மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு, அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர் கையால் மட்டுமே. மனத்தை மாற்ற வல்லது எதுவானாலும் அளவும் ஆளும் பார்த்தே கொடுக்க வேண்டும்.

இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி வைத்தியர்கள் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிய வேண்டும். விடுதிக்குப் பணம் கட்டுமுன் அங்குள்ள வைத்தியர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். நீங்கள் உண்ணும் மாத்திரைகளை ஒளிக்காமல் சொல்லுங்கள். மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தாதீர்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, எந்த விடுதியையும் தேட வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.