காற்று வெளியேற வழி

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் உரமூட்டை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டாவது கியரை விட்டு மேலே போக முடியாது. இஞ்சின் கத்துகிறது, காடி மாட்டுவண்டியாக நகர்கிறது. முன்பக்கம் காற்றே அடிக்காது. அந்த நேரத்திலும் டேஷ்போர்டின் வெப்ப முள் நடுவிலேயே சமர்த்தாக நிற்கும். அது காட்டுவது தண்ணீரின் சூடு. எண்ணெயின் சூட்டைத் தனி மீட்டர் மாட்டிய பிறகுதான் தெரிந்துகொள்ள முடியும்.

நண்பரின் சாத்ரியா ஜிடிஐயில் அப்படித்தான் தெரிந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் புரோட்டான் விட்ட காடி. மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் இஞ்சின், லோட்டஸ் சரிசெய்து கொடுத்த சஸ்பென்ஷன். இப்போது அதற்குள் இருப்பது ஜப்பானிலிருந்து ஹாஃப்கட்டாக வந்த லான்சர் ஜிஎஸ்ஆரின் டர்போ இஞ்சின். (இஞ்சின் மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும். அந்த அலைச்சலை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.) மீட்டர் மாட்டிய முதல் வாரமே, அந்த ஏற்றத்தில் எண்ணெய் 130 டிகிரியைத் தாண்டியது.

130 என்பது விளையாட்டில்லை. 10டபிள்யூ-40 எண்ணெய் 100 டிகிரியில் காட்டும் பிசுக்கில் ஏறக்குறைய பாதிதான் 130இல் மிஞ்சும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையில் உலோகம் உலோகத்தைத் தொடாமல் காப்பது அந்த எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். டர்போவின் சுழல்தண்டு குளிப்பதும் அதே எண்ணெயில். சூடு பத்து டிகிரி ஏறினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஊற்றியது எவ்வளவு தாங்கும் என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் போகும் பக்கம், ரப்பராக இருந்து செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்தின் ஓரத்தில் தகரக் கூரைப் பட்டறை ஒன்று இருக்கிறது. நம் ஊரில் மெக்கானிக்கைப் போர்மன் என்றுதான் சொல்வோம். இந்தப் போர்மனுக்கு அறுபதை ஒட்டிய வயது. அவருடைய அப்பா அதே தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் விறகு தள்ளியவர். லயம் இடிந்துவிட்டது, புகைக்கூடம் இருந்த இடத்தில் லாலாங் புல்.

நண்பர் காடியை இங்கே கொண்டுவருமுன் வேறொரு பட்டறையில் ஏற்கெனவே ஆயில் கூலர் மாட்டியிருந்தார்கள். ரேடியேட்டருக்கு நேர் முன்னால், பம்பர் ஓட்டை வழியாக எல்லாரும் பார்க்கும்படி பளபளவென்று. ஏர்கான் கண்டென்சர், ரேடியேட்டர், அவற்றுக்கு முன்னால் இதுவும் சேர்ந்து மூன்றடுக்கு. கூலர் சூடாக்கிவிட்ட காற்றைத்தான் ரேடியேட்டர் வாங்குகிறது. வெளிநாட்டுப் பந்தயக் காடிக்குச் சரி, அதில் ஏர்கான் கிடையாது. ஈப்போ வெயிலில் ஏர்கானைக் கழற்றச் சொல்கிறவனை யார் மதிப்பார்கள்?

போர்மன் குனிந்து ஒரு நிமிடம் பார்த்தார். “தம்பி, காத்து உள்ள வர்றது பெரிசில்ல. வெளிய போகணும்” என்றார்.

“முன்னாடிதானே அண்ணே காத்து அடிக்கும்?”

“புகைக்கூடத்துக்கு மேல சன்னல் வச்சது எதுக்குன்னு நெனைக்கிற?”

ஷீட்டைப் புகையில் தொங்கவிட்டு 60 டிகிரி வரை சூடேற்றி நாலைந்து நாள் காயவைப்பார்கள். கூரைத் துவாரம் அடைத்திருந்தால் ஈரம் வெளியே போகாது; எவ்வளவு விறகு போட்டாலும் ஷீட் காயாது. கூலருக்கும் அதே கதைதான். பின்னால் போக வழியில்லாத காற்று முன்னால் வருவதே இல்லை. பம்பருக்குள் மோதி, சுலபமான சந்து தேடி, கூலரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

அவர் கூலரை பம்பரின் மூலைக்கு நகர்த்தினார். பனிவிளக்கு இருந்த பொந்திலிருந்து அலுமினியத் தகட்டில் ஒரு குழல் வளைத்து, ஓரங்களை ஸ்பாஞ்சால் அடைத்தார். பின்புறம் சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறையில் வரிசையாகப் பிளவுகள் வெட்டி வெளியேறும் வழி விட்டார். சக்கரத்திலிருந்து கல் தெறிக்குமே என்று ஒரு கம்பிவலையும் வைத்தார். இது அவர் கண்டுபிடிப்பல்ல. லான்சர் எவோக்களில் தொழிற்சாலையே ஆயில் கூலரை பம்பரின் மூலையில் வைத்து அனுப்பியது. 2002இல் நம் கரம்ஜித் சிங் உற்பத்திக் காடிகளுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்ற புரோட்டான் பெர்ட், எவோவுக்குப் புரோட்டான் பெயர் சூட்டிய காடிதான்.

பழைய பட்டறை கூலரை இரும்புப் பட்டையில் இறுக்கி போல்ட் போட்டிருந்தது. இஞ்சின் அதிர்வில் கூலரின் காது ஒன்று வெல்டிங்கில் விரிசல் விட்டிருந்தது. போர்மன் நாலு மூலைக்கும் ரப்பர் புஷ் வைத்தார். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அதிர்வைத் தாங்கும் வேலைக்குப் பால்மரத்து ரப்பர் நல்ல ஆள். ஆனால் அதே ரப்பரை எண்ணெய்க் குழாயாக்க முடியாது. இஞ்சின் ஆயில் பட்டால் ஊறி உப்பி, பிய்ந்துவிடும். 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்றைக் கோலாகங்சாரில் இன்றும் காட்டும் மாநிலத்தில், ஆயில் குழாயின் உள்பக்கம் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். நம் ரப்பருக்குப் புஷ் வேலை, அதுவும் எண்ணெய் சொட்டாத இடத்தில்.

மற்றதெல்லாம் பொறுமை. ஃபில்டருக்கு அடியில் போகும் சாண்ட்விச் தட்டில் தெர்மோஸ்டாட் இருக்கவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். எண்ணெய் 80 டிகிரி தாண்டிய பிறகே கூலருக்கு வழி திறக்கும். அது இல்லாமல், சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற காடியில் எண்ணெய் சூடாகாது, ஈரம் ஆவியாகாது. மூடியைத் திறந்தால் காப்பிப் பால் நிறத்தில் கூழ். உண்மையைச் சொன்னால், கம்பெனி விட்டபடியே இருக்கும் ஜிடிஐக்கு ஆயில் கூலரே தேவையில்லை. ஆயிரம் ரிங்கிட் செலவழித்து எண்ணெய் கசிய நாலு புது இடம் வாங்குவதுதான் மிச்சம்.

குழாயை வெட்டியதும் உள்ளே காற்றடித்துத் துடைத்தார், பின்னல் கம்பியின் ஒரு தூள்கூட இருக்கக்கூடாது. குழாய் பொருத்தும் வாய்கள் மேலே பார்த்திருக்கும்படி வைத்தார், காற்று உள்ளே தங்காமல் இருக்க. எரிபொருள் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுழற்றினார். பிறகுதான் இஞ்சினுக்கு உயிர். கூலரும் குழாய்களும் குடித்ததில் அளவுகோலில் எண்ணெய் இறங்கியிருந்தது. முக்கால் லிட்டர் மேலே ஊற்ற வேண்டியிருந்தது.

மறு ஞாயிறு அதே சாலை. உரமூட்டை இல்லை, காலிக் காய்கறிக் கூடைகள் ஏற்றிய லாரி, ஆனால் வேகம் அதே வேகம். முள் 112 வரை போய் நின்றது. லாரி ஒதுங்கி வழிவிட்டதும் 104. கம்போங் ராஜாவில் நிறுத்தி, நண்பர் பழைய தமிழ்ப் பேப்பர் ஒன்றை மடித்துக் குழாய் மூட்டுகளை ஒவ்வொன்றாக ஒற்றிப் பார்த்தார். மூன்று சுத்தம். நான்காவதில் மிளகளவு பழுப்புப் புள்ளி. ஸ்பேனரை எடுத்து ஒரு கால் சுற்று இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சோளம் வாங்கப் போனார்.