“எல்லாத்தையும் எடுத்துறவா?”: நிச்சயமில்லாத நேரத்தில் வீட்டுச் சேமிப்பு

இந்த எபிசோடு ஒரு போன் காலில் ஆரம்பிக்குது.

பூம்புகார் பக்கத்தில் ஒரு கடைமடைக் கிராமத்தில் எங்க பெரியம்மா இருக்காங்க. சம்பா அறுவடை முடிஞ்சு, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் அவங்க கணக்கில் ஏறியிருந்தது. அன்னைக்கு ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டாங்க. “பாப்பா, வாட்ஸ்அப்ல ஒண்ணு வந்துருக்கு. பேங்க்ல பணம் எடுக்கறத நிறுத்தப் போறாங்களாம். நாளைக்குக் காலைல போயி எல்லாத்தையும் எடுத்துறவா?”

“அதெல்லாம் சும்மா வதந்தி பெரியம்மா, தூங்குங்க”ன்னு சொன்னேன்.

“2016லயும் இப்படித்தான் சொன்ன.”

என்கிட்ட பதில் இல்லை. ஏன்னா அவங்க சொன்னது உண்மை. அதனால அன்னைக்கு ஒழுங்கா உட்கார்ந்து யோசிச்சேன். நம்மில் பலருக்கு ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வந்திருக்கும், இல்லைன்னா இனிமே வரும். அப்போ “வதந்தி”ன்னு சொல்லி வச்சிடாம, உருப்படியா என்ன சொல்லலாம்? அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

2016இல் டெல்டாவில் நடந்தது

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதுன்னு அறிவிச்சாங்க. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் அந்த ரெண்டு நோட்டுகள்தான்.

நகரத்தில் நமக்கு ஞாபகம் இருப்பது ஏ.டி.எம். வரிசை. டெல்டாவில் அது வேற மாதிரி விழுந்தது. அந்த வருஷம் காவிரித் தண்ணி தகராறால் மேட்டூர் அணையையே செப்டம்பர் 20ஆம் தேதிதான் திறந்தாங்க. வழக்கமா திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. குறுவை போய், சம்பாவும் தாமதமாகத் தொடங்கியிருந்த நேரம். நவம்பரில் களை எடுக்கும் ஆளுக்குக் கூலி கொடுக்கணும், உரம் வாங்கணும். எல்லாம் ரொக்கம்.

அங்கே பல குடும்பங்களுக்கு வங்கி என்றால் முதலில் ‘சொசைட்டி’தான், அதாவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம். பயிர்க்கடன், நகைக்கடன், சின்னச் சின்ன டெபாசிட் எல்லாமே அங்கே. இந்தச் சங்கங்களுக்குப் பணம் வர்ற இடம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி. நவம்பர் 14ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது: மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை வாங்கவும் கூடாது, மாற்றிக் கொடுக்கவும் கூடாது. மேலே அடைபட்டதும் கீழே சங்கங்களிலும் பணம் ஓடவில்லை. மழையும் ஏமாத்தியது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது.

இதில் ஒண்ணைக் கவனிங்க. பெரியம்மாவுக்குச் சங்கத்தில் இருந்த பணம் எங்கேயும் போகல. பாஸ்புக்கில் ஒரு ரூபாய் குறையல. ஆனா களை எடுக்க வேண்டிய வாரத்தில் அது கைக்கு வரல. அதே சமயம், அரிசிப் பானைக்குள்ள பெரியப்பாவுக்குத் தெரியாம வச்சிருந்த 11,500 ரூபாயும் பழைய நோட்டு. அதை மாத்தறதுக்காக வீட்டில் சொல்ல வேண்டியதாப் போச்சு. “பணம் கூடப் பெருசில்ல பாப்பா, என் கைல ஒண்ணு இருக்குங்கிற தைரியம் போச்சு”ன்னாங்க.

ஆக, வங்கியில் வச்சதும் உதவல, வீட்டில் வச்சதும் உதவல. அப்போ “எங்கே வச்சா பாதுகாப்பு?” என்ற கேள்வியே சரியில்லை. எந்த ஆபத்துக்கு எது தாங்கும்னுதான் கேட்கணும்.

ஆபத்து மூணு வகை

முதல் வகை: பணம் இருக்கும், எடுக்க முடியாது. கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்குங்க. 2020 நவம்பர் 17ஆம் தேதி மாலை முதல், ஒருத்தர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு வந்தது. பத்தே நாளில், 27ஆம் தேதி, அது டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டு கட்டுப்பாடும் நீங்கிச்சு. டெபாசிட் போட்டவர்கள் யாரும் பணத்தை இழக்கவில்லை. பங்கு வாங்கியவர்கள்தான் மொத்தமாக இழந்தார்கள். ஆனா அந்தப் பத்து நாளில் வீட்டு வாடகை கட்ட வேண்டியவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது வகை: பணமே போயிடும். 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு அதோடு போச்சு. அன்னைக்கு டெபாசிட்டுக்குக் காப்பீடுன்னு ஒண்ணு கிடையாது. தஞ்சாவூர் மாவட்டத்துத் திருவிடைமருதூரில் பிறந்த வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் சேர்ந்து 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கியது இந்த அடிக்குப் பிறகுதான்.

மூணாவது வகை: எண் அப்படியே இருக்கும், மதிப்பு கரைஞ்சிடும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 2022இல் நடந்தது இது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 ரூபாயாக இருந்தது, மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய வருஷத்தை விடக் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறியிருந்தது. பாஸ்புக்கில் அதே லட்சம்தான் இருந்தது, ஆனா கடையில் பாதிச் சாமான்தான் வந்தது.

பதறிப் போய் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒரு ஆபத்திலிருந்து தப்பி இன்னொண்ணில் விழுவதாகத்தான் முடியும். வங்கிக்குப் பயந்து ரொக்கமா வச்சா நோட்டும் மாறலாம், திருடும் போகலாம். எல்லாத்தையும் நகையாக்கினா செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் முதல் நாளே கழிஞ்சிடும். பூம்புகாரிலிருந்து கோவலனும் கண்ணகியும் கிளம்பினப்போ கையில் மிஞ்சியது சிலம்புதான். தெரியாத ஊரில், அவசரத்தில், இருக்கிற ஒரே பொருளை விக்கப் போனா என்ன ஆகும்னு பள்ளிக்கூடத்திலேயே படிச்சிருக்கோம்.

அஞ்சு லட்சம்: எதுக்கு உண்டு, எதுக்கு இல்லை?

இப்போ கொஞ்சம் விதிமுறை. இதை மட்டும் நல்லா கேட்டுக்குங்க.

வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு தருவது ரிசர்வ் வங்கியின் கீழே இருக்கும் டி.ஐ.சி.ஜி.சி. 1962இல் இந்தக் காப்பீடு தொடங்கினப்போ வரம்பு 1,500 ரூபாய். 1993இலிருந்து ஒரு லட்சம். 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் முதலில் 1,000 ரூபாய் மட்டும்தான் எடுக்கலாம்னு கட்டுப்பாடு வந்து பெரிய கொந்தளிப்பு ஆச்சு. அடுத்து 2020 பிப்ரவரியில் வரம்பு 5 லட்சமாக உயர்ந்தது. 2021இல் சட்டத்தைத் திருத்தினாங்க; வங்கிமேல் இப்படிக் கட்டுப்பாடு விழுந்தா, காப்பீட்டுத் தொகை 90 நாளுக்குள் கைக்கு வரணும்.

இந்த 5 லட்சம் ஒரு கணக்குக்கு இல்லை. ஒரு வங்கியில் ஒரு ஆளுக்கு. சேமிப்புக் கணக்கு, எஃப்.டி., ஆர்.டி., வேற கிளையில் இருப்பது, வட்டி எல்லாத்தையும் கூட்டித்தான் 5 லட்சம். வேற வங்கியில் இருந்தா அதுக்குத் தனியா 5 லட்சம். கணவன், மனைவி சேர்ந்து வச்சிருக்கும் கூட்டுக் கணக்குக்கும் தனி வரம்பு உண்டு. இதுக்குப் பிரீமியம் வங்கியே கட்டும், நாம எதுவும் கட்ட வேண்டாம்.

கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஆனா கிராமத்துச் சொசைட்டிக்குக் கிடையாது. நிதி கம்பெனி, சீட்டு, நகைக்கடை மாதத் திட்டம், இதுக்கெல்லாமும் கிடையாது. சொசைட்டி மோசம்னு நான் சொல்லல. தவணை தவறாமல் கட்டினா வட்டியில்லாப் பயிர்க்கடன் கிடைக்கும் இடம் அது. கடன் வாங்க நல்ல இடம். மொத்தச் சேமிப்பையும் வைக்கும் இடம் இல்லை, அவ்வளவுதான்.

தபால் ஆபீஸ் சேமிப்புக்கு மத்திய அரசே உத்தரவாதம், அங்கே 5 லட்சம் என்ற வரம்பு கிடையாது. சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 4 சதவீத வட்டி.

அப்போ எப்படிப் பிரிப்பது?

எவ்வளவு சீக்கிரம் வேணும் என்பதை வச்சுப் பிரிங்க.

வீட்டில் ரெண்டு, மூணு வாரச் செலவுக்கு ரொக்கம். இது வங்கி பயத்துக்காக இல்லை. 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தப்போ, டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. போன் டவர் இல்லாத ஊரில் யு.பி.ஐ. வேலை செய்யாது. சின்ன நோட்டா வச்சுக்குங்க. சென்னையில், கோயம்புத்தூரில் இருக்கும் நமக்கும் இது பொருந்தும்.

அடுத்து, மூணு முதல் ஆறு மாசச் செலவு சேமிப்புக் கணக்கில். ஒரே வங்கியில் வேண்டாம், ரெண்டு வங்கியில். ஒண்ணு அடைபட்டா இன்னொண்ணு திறந்திருக்கணும். ரெண்டுக்கும் தனித்தனி ஏ.டி.எம். கார்டு இருக்கணும்.

அதுக்கு மேல இருப்பது எஃப்.டி. அல்லது தபால் ஆபீஸ். ஒரே எஃப்.டி.யா போடாம நாலா உடைச்சுப் போட்டா, அவசரத்துக்கு ஒண்ணை மட்டும் எடுக்கலாம். விலைவாசியை எதிர்த்து நிற்க கொஞ்சம் தங்கமோ வேற நீண்டகால முதலீடோ இருக்கலாம். அது ஒரு பங்கு, முழுசும் இல்லை.

கடைசியா, வீட்டில் இருக்கும் பெண்கள் ஒவ்வொருத்தர் பேரிலும் ஒரு கணக்கு, அவங்க கையில் கார்டு. அரிசிப் பானைக்குப் பதில் அது. எல்லாக் கணக்கிலும் நாமினி இருக்கான்னு பாருங்க. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம். எந்த வங்கியில் என்ன இருக்குன்னு ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இன்னொருத்தருக்குச் சொல்லி வைங்க. ஏ.டி.எம். பின் நம்பரை மட்டும் அதில் எழுதாதீங்க.

வாட்ஸ்அப் செய்தி வந்தா?

வங்கி நம்ம பணத்தைப் பெட்டியில் பூட்டி வச்சிருக்காது. பெரும்பகுதியைக் கடனா கொடுத்திருக்கும். எல்லாரும் ஒரே காலையில் போய்க் கேட்டா நல்ல வங்கியும் திணறும். அதனால வதந்தியே ஒரு ஆபத்துதான். ஒரு வங்கிமேல் கட்டுப்பாடு வந்தா அது ரிசர்வ் வங்கியின் பேரில், வங்கியின் பேர், தேதி எல்லாம் போட்டு, அவங்க இணையதளத்தில் அன்னைக்கே இருக்கும். அங்கே இல்லைன்னா ஃபார்வர்ட் பண்ணாதீங்க. “எல்லா பேங்கும்”னு பேர் சொல்லாம வர்ற செய்தி பெரும்பாலும் பொய்.

பெரியம்மா என்ன செஞ்சாங்க?

அன்னைக்குப் பேசினப்போ கணக்கு இப்படி இருந்தது: ஒரே வங்கியில் எஃப்.டி. நாலரை லட்சம், சேமிப்பில் ரெண்டரை லட்சம். சொசைட்டியில் டெபாசிட் ஒரு லட்சம். எல்லாம் பெரியம்மா பேரில் மட்டும்.

வங்கியில் இருந்த 7 லட்சத்தில் 2 லட்சம் காப்பீட்டுக்கு வெளியே நின்னது. அவங்க பயத்துக்குக் காரணமா சொன்ன செய்தி பொய். ஆனா பயம் முழுக்கப் பொய் இல்லை. அதைப் பார்த்ததும் “வதந்தி, தூங்குங்க”ன்னு சொன்னதுக்கு எனக்கே வெட்கமா இருந்தது.

எஃப்.டி.யை உடைக்கல, உடைச்சா வட்டி குறையும். சேமிப்பில் இருந்த ரெண்டரை லட்சத்தில் 20,000 வீட்டில் ரொக்கமா வந்தது. ஒரு லட்சம் தபால் ஆபீஸுக்குப் போச்சு. அடுத்த சாகுபடிக்கான 1,20,000 வேற வங்கியில், பெரியப்பாவும் அவங்களும் சேர்ந்து தொடங்கின கணக்கில். மிச்சம் 10,000 பழைய கணக்கிலேயே. இதெல்லாம் முடிய மூணு வாரம் ஆச்சு, ஒரு நாள்கூட ஓட வேண்டியிருக்கல.

சொசைட்டிப் பணத்தை மட்டும் முழுசா எடுக்க ஒத்துக்கல. “பயிர்க்கடனுக்கு அங்கதான போய் நிக்கப் போறேன், மொத்தமா எடுத்தா மூஞ்சில எப்படி முழிக்கிறது?”ன்னாங்க. தவணை முடிஞ்சதும் பாதியை மட்டும் தபால் ஆபீஸுக்கு மாத்தறதா முடிவு. அது அவங்க ஊர், அவங்க கணக்கு. ஆபத்து என்னன்னு தெரிஞ்சு எடுத்த முடிவு, போதும்.

இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணினா, “சாப்பிட்டீங்களா”க்கு அப்புறம் இதையும் கேளுங்க: எந்தெந்த இடத்தில் எவ்வளவு இருக்கு, யார் பேரில் இருக்கு, நாமினி யாரு? வதந்தி வர்ற ராத்திரியில் கேட்கிறதை விட, ஒண்ணும் நடக்காத ஒரு ஞாயித்துக்கிழமையில் கேட்கிறது நல்லது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.