விறகில்லாமல் பயறு வேகுமா?

குழந்தைக்குச் சத்தான ஆகாரம் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். பயறு நல்லது, கிழங்கு நல்லது, எல்லாம் சரி. அதை வேகவைக்க அடுப்பு எரிய வேண்டாமா? விறகுக்கு எங்கே போவேன் என்று ஒரு தாய் கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஆப்பிரிக்காவில் உள்ள கென்யாவில், 1970-களில் கிராமத்துப் பெண்களுக்கு இதே கவலைதான். நியேரி என்ற மலைப்பகுதியில் காபியும் தேயிலையும் பயிரிடுவதற்காக மரங்களை வெட்டிவிட்டார்கள். கையில் கொஞ்சம் காசு வந்தது. கொல்லையில் விறகு போயிற்று. அந்த ஊர்ச் சாப்பாடு மக்காச்சோளமும் பயறும் சேர்த்து வேகவைக்கும் ‘கிதேரி’. லேசில் வேகாது, மணிக்கணக்காகும். விறகு சுமந்து அலுத்த பெண்கள் என்ன செய்வார்கள், பாவம்! சீக்கிரம் ஆகிற வெள்ளை ரொட்டி, தீட்டின அரிசி என்று மாறிவிட்டார்கள். வயிறு நிறைந்தது, சத்து சேரவில்லை. குழந்தைகள் நோஞ்சானாயின.

மரம் போனதற்கும் பிள்ளை இளைத்ததற்கும் உள்ள முடிச்சைக் கண்டுகொண்டவர் வாங்கரி மாத்தாய். நியேரியில் 1940-ல் பிறந்தவர். 1971-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. விறகில்லை, நல்ல தண்ணீரில்லை, வருமானமில்லை என்று பெண்கள் முறையிட்டபோது அவர் கேட்டது ஒன்றுதான்: நாமே மரம் நட்டால் என்ன?

1977 ஜூன் 5-ஆம் தேதி, நைரோபி நகரப் பூங்கா ஒன்றில் ஏழு கன்றுகள் நட்டார்கள். ‘பசுமைப் பட்டை இயக்கம்’ அப்படித்தான் பிறந்தது.

உடைந்த பானையே போதும்!

கன்று வளர்க்கப் படிப்பு வேண்டும் என்றார்கள் வனத்துறைக்காரர்கள். பயறு விதைக்கிற கைக்கு மர விதை மட்டும் முளைக்காதா? பெண்கள் அக்கம்பக்கத்தில் விதை பொறுக்கி, உடைந்த பானைகளில் ஊன்றி, கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் வைத்து வளர்த்தார்கள்.

இயக்கம் ஒரு கன்றுக்கு அமெரிக்கக் காசில் நாலு சென்ட் கொடுத்தது. அதுவும் நட்டவுடனே இல்லை, கன்று பிழைத்தால்தான்! சின்னத் தொகைதான். ஆனாலும் பல பெண்களுக்கு அது தங்கள் கையால் சம்பாதித்த காசு அல்லவா? இப்படியே வளர்ந்த மரங்கள் ஐந்து கோடிக்கும் மேல்.

2004-ல் மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2011-ல் காலமானார். தன் சவப்பெட்டிக்காக ஒரு மரமும் விழக்கூடாது என்பது அவர் விருப்பம். மூங்கிலும் கோரையும் ஆகாயத்தாமரை நாரும் கொண்டு பெட்டி செய்தார்கள்.

நீங்களும் ஒரு கன்று நடுங்களேன். நடுவது ஒரு நாள் வேலை. அது வேர் பிடிக்கிறவரை தண்ணீர் ஊற்றி, ஆடு மாடு கடிக்காமல் காப்பாற்றுவதுதான் பெரிய காரியம். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்?