வீட்டிலேயே நெயில் ஆர்ட்: எதெல்லாம் போதும், எதை யோசித்து வாங்க வேண்டும்?

நாளை காலை தோழிக்கு நிச்சயதார்த்தம். பார்லருக்குப் போக நேரமில்லை. போனைத் திறந்தால், முப்பது விநாடி ரீல்ஸில் யாரோ ஒருவர் பத்து விரலிலும் பூ வரைந்து முடித்துவிடுகிறார். கீழேயே லிங்க்: ஜெல் பாலிஷ், யு.வி. விளக்கு, பிரஷ், ஸ்டிக்கர் எல்லாம் சேர்ந்த கிட், சில நூறு ரூபாய்தான். கை தானாக ‘ஆர்டர்’ பட்டனுக்குப் போகும்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த கிட்டில் பாதிப் பொருட்களின் வேலையை வீட்டில் இருப்பதை வைத்தே முடித்துவிடலாம். ஜெல்லும் விளக்கும் மட்டும் வேறு கதை. அவற்றைத் தெரிந்துகொண்டு வாங்குவதுதான் நல்லது.

அடிப்படையாக என்னென்ன வேண்டும்?

நகவெட்டி, நக அரம், பேஸ் கோட், இரண்டு மூன்று நிற பாலிஷ், டாப் கோட், ரிமூவர், பஞ்சு. ஆரம்பிப்பவர்களுக்கு இது போதும்.

அரம் வாங்கும்போது அதிலுள்ள எண்ணைப் பாருங்கள். எண் கூடக் கூட சொரசொரப்பு குறையும். சொந்த நகத்துக்கு 180 முதல் 240 வரை சரி. 100 என்று போட்டிருந்தால் அது செயற்கை நகத்துக்கானது. சொந்த நகத்தைத் தேய்த்து மெலிதாக்கிவிடும்.

பேஸ் கோட்டைப் பலரும் ‘வேஸ்ட்’ என்று விட்டுவிடுகிறார்கள். சிவப்பு, மெரூன் போன்ற அடர் நிறங்களை நேரடியாகப் பூசினால் நகத்தில் மஞ்சள் கறை படியலாம். அதைக் குறைப்பது பேஸ் கோட்தான். டாப் கோட்டை நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால், பாலிஷ் சீக்கிரம் பெயராது.

டிசைனுக்கு எது தேவை?

- புள்ளிகள்: டாட்டிங் டூல் என்று தனியாக விற்கிறார்கள். ஹேர்பின்னின் உருண்டை முனையோ, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவோ அதே வேலையைச் செய்யும். நடுவில் ஒரு புள்ளி, சுற்றி ஐந்து புள்ளி வைத்தால் பூ ரெடி.
- கோடுகள்: சாதாரண செல்லோ டேப் போதும். முதலில் புறங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடியில் உள்ள பாலிஷ் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மேல் நிறம் ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும்.
- ஸ்டாம்பிங்: இதற்கு மட்டும் தனிப் பொருள் வேண்டும். டிசைன் செதுக்கிய உலோகத் தகட்டில் பாலிஷை ஊற்றி, பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்து, சிலிக்கான் முத்திரையில் எடுத்து நகத்தில் அழுத்த வேண்டும். தண்ணியான பாலிஷ் இதற்கு ஒத்துவராது. நிறம் அடர்த்தியாக இருப்பது அவசியம்.
- ஃபினிஷிங்: விளிம்பில் வழிந்ததை ரிமூவரில் தொட்ட மெல்லிய பிரஷால் துடைத்தால், பார்லரில் போட்ட மாதிரி இருக்கும்.

ஜெல் மட்டும் ஏன் வேறு?

சாதாரண பாலிஷ் காய்வது எளிய விஷயம். அதிலிருக்கும் எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான்கள் ஆவியாகிப் போகும். நிறப்படலம் மட்டும் தங்கும். மூக்கில் ஏறும் அந்த வாசனை இந்தக் கரைப்பான்களுடையது.

ஜெல் அப்படி ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள மோனோமர் எனப்படும் சிறு மூலக்கூறுகள், யு.வி. ஒளி பட்டதும் ஒன்றோடொன்று சங்கிலிபோலக் கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. அதாவது, நகத்தின் மேலேயே ஒரு வேதிவினை நடக்கிறது. அது முழுசாக முடிய வேண்டும் என்பதுதான் விஷயம்.

ஜெல்லுக்குப் பொருந்தாத விளக்கு, தடிமனான பூச்சு, அவசரத்தில் குறைத்த நேரம் – இதில் எது நடந்தாலும் மேலே கெட்டியாகி உள்ளே அரைகுறையாக நிற்கலாம். தொட்டுப் பார்த்தால் தெரியாது. ‘எல்.இ.டி. விளக்கு’ என்று விற்பதிலும் ஜெல்லை இறுக வைப்பது பெரும்பாலும் யு.வி. ஒளிதான்.

இறுகாத ஜெல் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் அலர்ஜி வரலாம். இதில் அடிக்கடி சிக்குவது ‘ஹெமா’ என்ற மோனோமர். விரல் நுனியில் அரிப்பு, சிவப்பு, வெடிப்பு, நகம் தூக்கிக்கொள்வது எல்லாம் அறிகுறிகள். கை முகத்தில் படுவதால் கண் இமை வீங்குவதும் உண்டு.

இந்த அலர்ஜி ஒருமுறை வந்தால் பொதுவாக ஆயுளுக்கும் போகாது. இதே அக்ரிலேட் குடும்ப வேதிப்பொருட்கள் பல் அடைப்பு, மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் எலும்பு சிமென்ட், சர்க்கரை அளவு காட்டும் சென்சார்களின் பசை ஆகியவற்றிலும் இருக்கின்றன. இருபது வயதில் நகத்துக்குப் போட்ட ஜெல், பிற்பாடு ஒரு சிகிச்சையைச் சிக்கலாக்கலாம். பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-லேயே இதுபற்றி எச்சரித்தது. ஹெமா உள்ள நகப் பொருட்களில் ‘தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று அச்சிட வேண்டும் என 2020-ல் ஐரோப்பிய ஒன்றியம் விதி கொண்டுவந்தது. ஜெல் இறுக உதவும் டி.பி.ஓ. என்ற பொருளுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடை. இனப்பெருக்கத் திறனைப் பாதிக்கலாம் என்று விலங்குச் சோதனைகளை வைத்து அது வகைப்படுத்தப்பட்டதே காரணம்.

விளக்கு ஒளி ஆபத்தா?

2023-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில், இந்த விளக்கின் ஒளியை 20 நிமிடம் காட்டியபோது 20 முதல் 30 சதவீத செல்கள் இறந்தன. ஆனால் அவை ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள். நம் கைக்கு இருக்கும் மேல்தோல் பாதுகாப்பு அவற்றுக்குக் கிடையாது. இதை வைத்து ‘ஜெல் போட்டால் புற்றுநோய்’ என்று சொல்லிவிட முடியாது. முன்கூட்டியே சன்ஸ்கிரீன் தடவுவது அல்லது விரல் நுனி வெட்டிய கையுறை போடுவது நல்லது.

ஜெல்தான் வேண்டும் என்றால்?

- ஜெல்லும் விளக்கும் ஒரே பிராண்டில், ஒன்றுக்கொன்று பொருந்துபவையாக வாங்குங்கள்.
- தோலில் படாமல் சிறு இடைவெளி விட்டு, மெல்லிசாகப் பூசுங்கள். வழிந்தால் விளக்கில் வைக்கும் முன்பே துடையுங்கள்.
- உட்பொருள் பட்டியல், காலாவதித் தேதி, இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் இல்லாத பாட்டில் வேண்டாம்.
- ஜெல்லைப் பிய்த்து எடுக்காதீர்கள். நகத்தின் அடுக்கும் சேர்ந்து வரும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து ஃபாயில் சுற்றி 10–15 நிமிடம் ஊறவிடுங்கள். அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கம் வேண்டாம்.
- அரிப்பு தொடங்கினால் பிராண்டை மாற்றிப் பார்க்காதீர்கள். நிறுத்திவிட்டு தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஒட்டு நகம் போடுபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: நகப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். மடியில் வைத்து ஒட்டாமல், மேசையில் வைத்து ஒட்டுங்கள்.

நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். தேய்ந்த நகம் முழுசாக மாற ஆறு மாதம் ஆகும். நாளைய நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு கலர் பாலிஷும் ஒரு ஹேர்பின்னும் டாப் கோட்டும் தாராளமாகப் போதும்.