ஆபத்துப் பட்டியலில் இல்லாத வெள்ளைக் குருணைகள்

கேரளக் கடலில் "எம்எஸ்சி எல்சா 3" என்ற லைபீரியக் கொடி தாங்கிய சரக்குக் கப்பல் 2025 மே 25-ஆம் தேதி மூழ்கியபோது, மத்திய அரசு வெளியிட்ட தகவலில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. கப்பலில் 640 பெட்டகங்கள், 13-ல் ஆபத்தான சரக்கு, 12-ல் கால்சியம் கார்பைடு, தொட்டிகளில் 84.44 டன் டீசலும் 367.1 டன் உலை எண்ணெயும். பணியாளர்கள் 24 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர். ஆனால், அடுத்த சில நாள்களில் திருவனந்தபுரம் கடற்கரையில் மூட்டை மூட்டையாக ஒதுங்கியது அந்த ஆபத்துக் கணக்கில் சேராத ஒன்று: பருப்பு அளவே உள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் குருணைகள்.

வாளி முதல் தண்ணீர்க் குழாய் வரை எல்லா பிளாஸ்டிக் பொருள்களுக்கும் மூலப்பொருள் இந்தக் குருணைதான். 5 மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுள்ளதால் பிறக்கும்போதே இது நுண்பிளாஸ்டிக். எண்ணெய்ப் படலம் காலப்போக்கில் ஓரளவேனும் சிதையும். இது சிதையாது, மேலும் மேலும் நுணுகும். நீரில் கலந்துள்ள பிற நச்சுகளைத் தன் மேல் ஈர்த்துக்கொள்ளும். மீன் முட்டை என்று எண்ணி மீன்களும் பறவைகளும் விழுங்கிவிடுகின்றன. மணலோடு கலந்துவிட்டால் சல்லடையால் சலித்துத்தான் பிரிக்க வேண்டும். அதைத்தான் கேரளத் தொண்டர்கள் கொட்டும் மழையில் செய்தார்கள்.

கப்பல் மூழ்கியதற்கு முந்தைய நாள்தான் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கியிருந்தது. பருவக் காற்றும் நீரோட்டமும் குருணைகளைத் தெற்கே தள்ளின. கன்னியாகுமரி மாவட்டக் கடலோரக் கிராமங்களிலும், பின்னர் தனுஷ்கோடியிலும் அவை கரை சேர்ந்தன. கப்பலைச் சுற்றி 20 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று கேரளத்தில் உத்தரவாயிற்று. மீனை உண்ணலாமா என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பங்களுக்கு மாநில அரசு அறிவித்த உடனடி நிவாரணம் ரூ.1,000-மும் 6 கிலோ அரிசியும்.

இத்தனை தீங்கு விளைவிக்கும் பொருள் ஆபத்துப் பட்டியலில் ஏன் இல்லை? விடை சர்வதேச விதிகளில் இருக்கிறது. கப்பல்களால் ஏற்படும் மாசைத் தடுக்கும் "மார்போல்" உடன்படிக்கையின் மூன்றாம் இணைப்பு, பொதிகளில் ஏற்றப்படும் தீங்கான பொருள்களைப் பற்றியது. எவை தீங்கானவை என்பதை ஆபத்தான சரக்குகளுக்கான விதித்தொகுப்பு தீர்மானிக்கிறது. அதில் குருணைக்கு இடமில்லை. சட்டத்தின் பார்வையில் அது பருத்தி, மரக்கட்டை போன்ற சாதாரணச் சரக்கு. எனவே, எந்தப் பெட்டகத்தில் உள்ளது என்பதைச் சிறப்பாக அறிவிக்கவோ, மேல்தளத்தில் அடுக்காமல் தவிர்க்கவோ கப்பலுக்குக் கட்டாயம் இல்லை.

எச்சரிக்கை முன்பே கிடைக்காமல் இல்லை. 2021-ல் கொழும்பு அருகே "எக்ஸ்-பிரஸ் பேர்ல்" கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் குருணை கடலில் கொட்டியது. அதன் பிறகு இலங்கையும் வேறு சில நாடுகளும் வலியுறுத்தியதால், நல்ல பொதி, தெளிவான அறிவிப்பு, கூடியவரை கீழ்த்தளத்தில் அடுக்குதல் ஆகியவற்றைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024-ல் பரிந்துரைத்தது. பரிந்துரைதான்; மீறினால் தண்டனை கிடையாது. நமது கடற்கரையில் குருணை ஒதுங்கியது அதற்கு அடுத்த ஆண்டு.

விபத்து நடந்து மூன்று மாதம் நிறைவடைவதற்குள் நாடாளுமன்றத்துக்கு அரிய வாய்ப்பு ஒன்று வந்தது. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய மசோதா மக்களவையில் ஆகஸ்ட் 6-ஆம் தேதி நிறைவேறியது. மாநிலங்களவை 11-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக்கொண்டிருக்க, மக்களவையில் குரல் வாக்கெடுப்பிலேயே காரியம் முடிந்தது. எதிர்க்கட்சிகள் எழுப்பிய பிரச்னை அற்பமானதல்ல. அமளிக்கிடையே சட்டம் இயற்றும் வழக்கத்தை எந்த ஆளுங்கட்சியும் கைவிட்டதில்லை என்பதும் உண்மையே. ஆனால், கரையோரத் தொகுதிகளின் உறுப்பினர்கள் கைப்பிடிக் குருணையை அவைக்குக் கொண்டுவந்து காட்டியிருக்க வேண்டிய நாள் அது.

நீதிமன்றத்தில் வேறொரு போராட்டம் நடந்தது. கேரள அரசு 2017-ஆம் ஆண்டின் கடல்சார் உரிமைகோரல் சட்டத்தின் கீழ் ரூ.9,531 கோடி இழப்பீடு கோரியது. அதே நிறுவனத்தின் "அகிடெட்டா 2" கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்து வைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்சா மூழ்கிய இடம் கரையிலிருந்து 12 கடல் மைல் எல்லைக்கு அப்பால் இருப்பதால், மாநிலம் வழக்குத் தொடுக்க முடியுமா என்ற வாதமும் எழுந்தது. கடல் மத்திய அரசுடையது, கரையும் மீனவரும் மாநிலத்தினுடையது என்ற நமது ஏற்பாட்டின் சிக்கல் இது. வழக்குத் தொடரும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. எனினும், 2025 செப்டம்பரில் பிணைத்தொகையை ரூ.1,227 கோடி அளவுக்குக் குறைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, எக்ஸ்-பிரஸ் பேர்ல் வழக்கில் அதே ஆண்டு ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த இழப்பீடு 100 கோடி டாலர்.

கப்பல் உரிமையாளர் தனது பொறுப்பைக் கப்பலின் கொள்ளளவுக்கு ஏற்ப ஓர் உச்சவரம்புக்குள் அடக்கிக்கொள்ள அனுமதிக்கும் ஏற்பாடும் கடல்சார் சட்டத்தில் உண்டு. அந்த வரம்பு கப்பலின் பருமனைப் பார்க்கிறதே தவிர, மணலில் புதைந்த குருணையைச் சலித்தெடுக்க எத்தனை ஆண்டு ஆகும் என்பதைப் பார்ப்பதில்லை.

புதிய சட்டத்தைத் திருத்தாமலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அச் சட்டத்தின் கீழ் விதிகள் வகுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. இந்தியத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் குருணைப் பெட்டகங்களைத் தனியே அறிவிக்க வேண்டும், மேல்தளத்தில் ஏற்றக் கூடாது என்று விதியிலேயே சேர்க்கலாம். உலகம் ஒப்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வகுக்கப்படும் விதிகள் வழக்கப்படி இரு அவைகளின் மேஜையிலும் வைக்கப்படும். திருத்தம் கோர உறுப்பினர்களுக்கு அவகாசம் உண்டு.